மண் வகைப்பாடு: குழி வெட்டுவதிலிருந்து பெயர் வைப்பது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கள அளவாய்வுக் குறிப்புகள் கையில் இருக்கின்றன, மழை, வெப்பநிலைத் தரவும் இருக்கிறது. இவற்றை வைத்து ஒரு மண்ணுக்கு முறையான பெயர் கொடுப்பது எப்படி? மண்ணியல் மாணவர்களும் அளவாய்வுப் பணிக்குப் புதிதாக வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் அமெரிக்க வேளாண் துறையின் சாயில் டாக்ஸானமி முறையை ஒட்டியவை. உலகப் பொது முறையான டபிள்யூஆர்பி (வேர்ல்ட் ரெஃபரன்ஸ் பேஸ்) பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

செம்மண், கரிசல் என்று சொன்னால் போதாதா?

பேச்சுக்குப் போதும். ஆனால் சிவப்பு நிறத்துக்குக் காரணம் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. அது கொஞ்சம் இருந்தாலே மண் முழுவதும் சிவந்துவிடும். அதனால் ஒரே சிவப்பில் அல்ஃபிசால், அல்டிசால், ஆக்ஸிசால், இன்செப்டிசால் என்று நான்கு வேறு வரிசை (வகைப்பாட்டின் மிக மேல் நிலை) மண்கள் இருக்க முடியும். சத்தைப் பிடித்துவைக்கும் திறனிலும் அமிலத் தன்மையிலும் அவை ஒன்றுக்கொன்று வெகு தூரம்.

ரஷ்யாவின் வசிலி டோகுசாயேவ் 1883-ல் அந்நாட்டுக் கரும்புல்வெளி மண்ணைப் பற்றி எழுதியதிலிருந்துதான், மண்ணை வெறும் பாறைத் தூளாகப் பார்க்காமல் தனக்கென அடுக்குகளும் வரலாறும் கொண்ட பொருளாகப் பார்க்கும் வழக்கம் உறுதிப்பட்டது. 1941-ல் ஹான்ஸ் ஜென்னி, மண்ணை உருவாக்கும் ஐந்து காரணிகளை ஒரே சமன்பாட்டில் வைத்தார்: காலநிலை, உயிரினங்கள், நில அமைப்பு, தாய்ப்பொருள் (மண் எதிலிருந்து உருவானதோ அந்தப் பாறை அல்லது படிவு), காலம். காலநிலை இந்த ஐந்தில் ஒன்றுதான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் கீழே வரும் குழப்பங்களில் பாதி, காலநிலையை மட்டும் பார்த்து மண்ணுக்குப் பெயர் வைப்பதால் வருவது.

குழியை எங்கே வெட்டுவது?

கை வசதியாக இருக்கும் இடத்தில் வெட்டக் கூடாது. சாலையோரம், வரப்பு, பெரிய மரத்தடி, எருக் குவித்த இடம், பழைய கட்டடம் இருந்த மனை, இவை எல்லாம் அந்த நிலத்தின் இயல்பைக் காட்டாது. முதலில் நில அமைப்பைப் பாருங்கள். மேட்டு முகடு, சரிவு, அடிவாரம், தாழ்நிலம் என்று ஒரே பாறையின் மேல் ஒரே மழையில் நான்கு வித மண் வரிசையாக இருப்பது சாதாரணம். துளைப்பானால் பத்துப் பதினைந்து இடங்களில் குத்திப் பார்த்து, எது அந்தப் பகுதியில் அதிகம் பரவியிருக்கிறது என்று தெரிந்த பிறகு குழியை வெட்டுங்கள். ஆழம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், அல்லது பாறை தட்டும் வரை. பார்க்கப்போகும் சுவரில் வெயில் விழ வேண்டும். அந்தச் சுவரின் மேல் விளிம்பில் மண்ணைக் கொட்டவும் வேண்டாம், யாரும் மிதிக்கவும் வேண்டாம்.

குழிக்குள் இறங்கியதும் என்ன எழுத வேண்டும்?

முதலில் எதுவும் எழுதாதீர்கள். மண்வெட்டியின் அழுத்தத்தால் சுவர் மழுங்கியிருக்கும். கத்தியின் முனையால் மேலிருந்து கீழாகக் கொத்திக் கொத்தி, மண் தானாக உடையும் முகம் தெரியும்படி செய்யுங்கள். இப்போது அடுக்குகள் எங்கே மாறுகின்றன என்று பார்க்கலாம். நிறம் மாறுவது கண்ணுக்கு முதலில் தெரியும். ஆனால் கத்தி இறங்கும் கடினம், கட்டிகளின் வடிவம், வேர் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் நிறத்தைவிட நம்பகமான எல்லைகளைக் காட்டும்.

ஒவ்வொரு அடுக்குக்கும் தடிமன், கீழ் எல்லை திடீரென மாறுகிறதா மெல்ல மாறுகிறதா, நிறம், நயம் (மணல், வண்டல், களி எந்த விகிதத்தில் என்பது), கட்டமைப்பு, ஈரமாகவும் காய்ந்தும் இருக்கும்போது பிடிமானம், கல் எத்தனை சதவீதம், வேர், புள்ளிகள், சுண்ணாம்பு முடிச்சுகள் ஆகியவற்றை எழுதுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு, நுரைக்கிறதா என்றும் குறியுங்கள்.

அடுக்குகளுக்கு எழுத்துக் குறிகள் உண்டு. மட்கிய பொருள் அடுக்கு ஓ, மேல்மண் ஏ, வெளுத்த அடுக்கு ஈ, சேர்மானமோ மாற்றமோ நடந்த கீழ்மண் பி, சிதைந்த தாய்ப்பொருள் சி, பாறை ஆர். இவற்றோடு சிறு எழுத்து சேரும்: உழுத மேல்மண் ஏபி (Ap), களி சேர்ந்த கீழ்மண் பிடி (Bt), சுண்ணாம்பு சேர்ந்தது பிகே (Bk). கரிசலில் கவனிக்க வேண்டியது பிஎஸ்எஸ் (Bss). மண் ஈரத்தில் உப்பி ஒன்றையொன்று தள்ளும்போது கட்டிகளின் முகம் தேய்ந்து மெழுகு பூசியதுபோல் மினுங்கும். கை வைத்தால் வழுவழுப்பாக, ஒரு திசையில் கோடு இழுத்தமாதிரி இருக்கும். இந்தச் சாய்ந்த முகங்களைத்தான் ஸ்லிக்கன்சைட் என்கிறார்கள். தாழ்ந்த கோணத்தில் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று தெரியும், நேர் வெயிலில் தவறவிட்டுவிடலாம்.

நிறத்தையும் நயத்தையும் கண்ணாலும் கையாலும் சொல்வதை நம்பலாமா?

நிறத்துக்கு மன்செல் வண்ண அட்டை இருக்கிறது. 10 ஒய்ஆர் 3/1 என்றால் முதல் பகுதி சாயல், 3 என்பது வெளிர்வு, 1 என்பது செறிவு. ஈரமாக ஒரு முறை, காய்ந்து ஒரு முறை என இரண்டையும் எழுதுங்கள். காலை, மாலை வெயிலில் எல்லா மண்ணும் சற்றுச் சிவந்தே தெரியும் என்பதால் நடுப்பகல் வெளிச்சம் நல்லது.

நயத்துக்கு, கல் நீக்கிய ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ. ஆவதற்குள் ஒடிந்தால் இருமண் (மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண்) பக்கம், 2.5 முதல் 5 வரை நின்றால் களி கலந்த இருமண், 5 செ.மீ.க்கு மேல் தொங்கினால் களி. பழகிய கை ஆய்வக முடிவுக்கு மிக அருகில் சொல்லும். ஆனால் 30 சதவீதம், 35 சதவீதம் என்ற எல்லையில் பெயரே மாறும் இடங்கள் இருக்கின்றன. அங்கே கையை மட்டும் நம்ப முடியாது.

ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது, என்ன கேட்பது?

அடுக்குக்கு ஒரு மாதிரி, கீழிருந்து மேலாக எடுக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் உதிரும் மண் கீழ் அடுக்கில் கலந்துவிடும். கேட்க வேண்டியவை: மணல், வண்டல், களி சதவீதம் (மணல் 2 முதல் 0.05 மி.மீ., வண்டல் 0.05 முதல் 0.002, அதற்குக் கீழே களி), கார அமில நிலை (பிஎச்), உப்பின் அளவு, கரிமக் கார்பன், சுண்ணாம்பு, நேர் அயனிப் பரிமாற்றத் திறன் (சத்தைப் பிடித்துவைக்கும் திறனின் அளவு), பரிமாற்ற நிலையில் உள்ள கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம். கரிமக் கார்பனை எந்த முறையில் அளந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாக்லி-பிளாக் முறை முழுக் கார்பனையும் எரிப்பதில்லை, அதற்கு ஒரு திருத்தக் காரணி உண்டு. வேறு முறையில் வந்த எண்ணோடு அப்படியே ஒப்பிட்டால் தவறிவிடும்.

ஆண்டு மழையளவு தெரியும். அதை வைத்தே மண் ஈரநிலையைச் சொல்லிவிடலாமா?

கூடாது. இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

வகைப்பாடு கேட்பது வானத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதை அல்ல. மண்ணின் ஒரு குறிப்பிட்ட ஆழப் பகுதி ஆண்டில் எத்தனை நாள் ஈரமாக இருந்தது என்பதை. அந்தப் பகுதிக்கு ஈரக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று பெயர். காய்ந்த மண்ணில் 2.5 செ.மீ. நீர் விட்டால் 24 மணி நேரத்தில் எவ்வளவு ஆழம் நனையுமோ அது மேல் எல்லை, 7.5 செ.மீ. நீர் 48 மணி நேரத்தில் எட்டும் ஆழம் கீழ் எல்லை. களிமண்ணில் இது சுமார் 10 முதல் 30 செ.மீ., மணலில் 30 முதல் 90 செ.மீ. செடி உறிஞ்ச முடியாத அளவுக்கு, அதாவது 1500 கிலோபாஸ்கல் இழுவிசையிலோ அதற்கு மேலோ நீர் பிடிபட்டிருந்தால் அது காய்ந்தது என்று கணக்கு.

அந்தப் பகுதி வழக்கமான ஆண்டில் மொத்தம் 90 நாள்கூடக் காயாமல் இருந்தால் யூடிக். வெப்பமான பகுதிகளில் 90 நாளோ கூடுதலாகவோ ஓரளவு காய்ந்து, ஆனாலும் மொத்தம் 180 நாளுக்கு மேலோ தொடர்ந்து 90 நாளோ ஏதோ ஒரு பகுதியில் ஈரம் இருந்தால் யூஸ்டிக். பாதிக் காலத்துக்கு மேல் முழுக்கக் காய்ந்து, தொடர்ந்து 90 நாள் ஈரமே இல்லை என்றால் அரிடிக். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்ற மத்தியதரைக் கடல் போக்குக்கு ஜெரிக். நீர் தேங்கிக் காற்று போகாத மண்ணுக்கு அக்விக், அது மழையைவிட நில அமைப்பைப் பொறுத்தது.

900 மி.மீ. மழை குளிர்ந்த நாட்டில் பன்னிரண்டு மாதமும் சீராகப் பெய்தால் மண் யூடிக் ஆகும். அதே 900 மி.மீ. வெப்பமான இடத்தில் நான்கே மாதத்தில் கொட்டித் தீர்த்தால் யூஸ்டிக்.

சரி, நாள் கணக்கை எப்படிப் போடுவது?

மாத வரவு செலவுதான். வரவு மழை, செலவு ஆவியாதலும் செடி உறிஞ்சுவதும் சேர்ந்த தேவை. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: மண் சேமிக்கக்கூடிய நீர் 150 மி.மீ., மழைக்காலம் தொடங்கும்போது இருப்பு பூஜ்யம். முதல் மாதம் மழை 220, தேவை 130, மிச்சம் 90. இரண்டாம் மாதம் 240, தேவை 125, மிச்சம் 115. மொத்தம் 205 ஆகிறது. சேமிப்பு 150-தான் என்பதால் 55 மி.மீ. வழிந்தோ கீழிறங்கியோ போய்விடும். மழை ஓய்ந்த பின் ஒரு மாதம் மழை 40, தேவை 120. இருப்பிலிருந்து 80 போய் 70 மிஞ்சும். அடுத்த மாதம் மழை 10, தேவை 110. நூறு வேண்டும், எழுபதுதான் இருக்கிறது. ஏறத்தாழ 21-ஆம் நாளில் இருப்பு தீரும். காய்ந்த நாள்கள் அங்கிருந்து எண்ணப்படும்.

பிராங்க்ளின் நியூஹால் உருவாக்கிய கணக்கீட்டு மாதிரி இதையே இன்னும் நுணுக்கமாக, ஆழவாரியாகச் செய்கிறது. மாத மழை, மாத வெப்பநிலை, அட்சரேகை, மண்ணின் நீர் கொள்ளளவு இவை போதும். ஆவியாதல் தேவையை அது தார்ன்த்வைட்டின் 1948-ஆம் ஆண்டு வாய்பாட்டில் எடுக்கிறது. அந்த வாய்பாட்டுக்கு வெப்பநிலை மட்டும்தான் தெரியும். காற்றும் வறட்சியும் மிகுந்த இடங்களில் அது தேவையைக் குறைத்தே சொல்லும். காற்று, ஈரப்பதம், கதிர்வீச்சுத் தரவு கிடைத்தால் பென்மன்-மான்டீத் முறையில் தனியாக ஒரு கணக்குப் போட்டு, இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள்.

மண்ணின் வெப்பநிலையை யாரும் அளக்கவில்லையே, என்ன செய்வது?

பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி தேவை. காற்றின் ஆண்டுச் சராசரியோடு 1 டிகிரி கூட்டுவது பழைய வழக்கம். வெப்பமண்டலத்தில் திறந்த நிலத்துக்கு அதைவிடக் கூடுதலாகக் கூட்டுகிறார்கள். 8 முதல் 15 டிகிரி வரை மெசிக், 15 முதல் 22 வரை தெர்மிக், 22-ம் அதற்கு மேலும் ஹைப்பர்தெர்மிக். கோடைச் சராசரிக்கும் குளிர்காலச் சராசரிக்கும் வித்தியாசம் 6 டிகிரிக்குக் கீழே என்றால் பெயருக்கு முன் ஐசோ சேரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வட அரைக்கோளத்தில் இந்த விதியின் கோடை என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட். பருவமழைப் பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்கள்தான் கொளுத்தும், ஜூனில் மழை வந்து தணிந்துவிடும். அதிக வெப்பமான மூன்று மாதத்தை எடுத்துக் கணக்குப் போட்டால் ஐசோ வர வேண்டிய மண்ணுக்கு வராமல் போகலாம்.

எந்த வானிலைத் தரவை எடுப்பது?

அருகில் நிலையம் இருந்தால் அதுதான் முதலில். 30 ஆண்டுத் தொடர் வேண்டும். வகைப்பாடு பேசும் வழக்கமான ஆண்டு என்பதே 30 ஆண்டு அல்லது நீண்ட சராசரியிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள் நிற்கும் ஆண்டைத்தான். ஒரு வறட்சி ஆண்டில் பார்த்த வெடிப்பை வைத்துப் பெயர் வைக்க முடியாது.

நிலையம் இல்லாத இடத்துக்கு வேர்ல்ட்கிளிம் என்ற உலகக் காலநிலைத் தரவுத் தொகுப்பு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கட்டங்களில் மாதச் சராசரி தருகிறது. அதன் இரண்டாம் பதிப்பு 1970 முதல் 2000 வரையிலான காலத்துக்கு உரியது. மழைக்கு மட்டும் சிர்ப்ஸ் என்ற தரவுத் தொகுப்பு 1981-லிருந்து கிடைக்கிறது. மலைச்சரிவில் ஒரு கிலோமீட்டர் கட்டம் என்பது மிகப் பெரிது. உயரத் திருத்தம் செய்யாமல் பயன்படுத்த வேண்டாம்.

ஒரு மண்ணைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வகைப்படுத்திக் காட்ட முடியுமா?

மென்சரிவில் உள்ள ஒரு கருப்புக் களிமண் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

0–18 செ.மீ. உழுத மேல்மண், ஈரத்தில் 10 ஒய்ஆர் 3/1, களி 52 சதவீதம். 18–45 செ.மீ. அதே நிறம், களி 55, கோணக் கட்டிகள். 45–130 செ.மீ. ஸ்லிக்கன்சைட் நிறைந்த பிஎஸ்எஸ், களி 58. 130–160 செ.மீ. சற்று வெளுத்த பழுப்பு, ஆங்காங்கே சுண்ணாம்பு முடிச்சு 2 சதவீதம், மொத்தச் சுண்ணாம்பு 9 சதவீதம். பாறை தட்டவில்லை. கார அமில நிலை 8.2, உப்பு குறைவு, பரிமாற்ற சோடியம் 6 சதவீதம். பாசனம் இல்லாத ஆண்டில் 5 மி.மீ.க்கு மேல் அகலமான வெடிப்புகள் மொத்தம் 180 நாள் போலத் திறந்திருக்கின்றன.

பெயர் படிப்படியாக இறங்கும்: வரிசை, துணை வரிசை, பெருங்குழு, துணைக்குழு, குடும்பம், சீரிஸ். வரிசைகள் மொத்தம் 12. திறவுகோலை, அதாவது வரிசைகளின் நிபந்தனைப் பட்டியலை, மேலிருந்து கீழாகத்தான் படிக்க வேண்டும், முதலில் பொருந்துவதில் நிற்க வேண்டும். ஜெலிசால், ஹிஸ்டோசால், ஸ்போடோசால், ஆண்டிசால், ஆக்ஸிசால் ஐந்தும் பொருந்தவில்லை. ஆறாவது வெர்ட்டிசால். 100 செ.மீ.க்குள் தொடங்கும், 25 செ.மீ.க்குக் குறையாத ஸ்லிக்கன்சைட் அடுக்கு இருக்கிறது. 50 செ.மீ. வரை களி 30 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, வெடிப்பு திறந்து மூடுகிறது. முடிந்தது. அரிடிசால் இதற்குப் பிறகுதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். பாலைவனத்தில் இருந்தாலும் வெடிக்கும் களி வெர்ட்டிசால்தான்.

துணை வரிசையில் காலநிலை நுழைகிறது, அதுவும் வெடிப்பின் வழியாக. 90 நாளுக்கு மேல் திறந்திருக்கிறது, மழைக்காலத்தில் நீண்ட நாள் மூடியிருக்கிறது. ஆகவே யூஸ்டெர்ட். அடுத்து பெருங்குழு. உப்பு அடுக்கோ ஜிப்சம் அடுக்கோ இல்லை. கீழே சுண்ணாம்பு தெரிகிறதே என்று கால்சியூஸ்டெர்ட் என எழுதத் தோன்றும். ஆனால் அதற்குச் சுண்ணாம்பு அடுக்கு 100 செ.மீ.க்குள் தொடங்க வேண்டும், சுண்ணாம்பும் குறைந்தது 15 சதவீதம் வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. எனவே ஹாப்ளூஸ்டெர்ட்.

துணைக்குழுவில் மறுபடியும் நாள் கணக்கு. வெடிப்பு 210 நாளோ அதற்கு மேலோ திறந்திருந்தால் அரிடிக், 150 நாளுக்குக் கீழே என்றால் யூடிக். நம்முடையது 180. சோடியம் 15 சதவீதத்தை எட்டவில்லை, நிறமும் கருமைதான். ஆக டிபிக் ஹாப்ளூஸ்டெர்ட். குடும்ப நிலையில் களி 60-க்குக் கீழே என்பதால் ஃபைன், களித்தாது ஸ்மெக்டைட் என்று எக்ஸ்ரே காட்டினால் ஸ்மெக்டிடிக், மண் வெப்பநிலை 22 டிகிரிக்கு மேல், பருவ வித்தியாசம் 6-க்குக் கீழே என்று வைத்துக்கொண்டால் ஐசோஹைப்பர்தெர்மிக். இதற்கும் கீழே சீரிஸ். அதற்கு உள்ளூர்ப் பெயர் வைப்பது வழக்கம்.

களத்தில் பார்த்ததும் காலநிலைக் கணக்கும் முரண்பட்டால் எதை நம்புவது?

என் கட்சி மண்ணின் கட்சி. கணக்கு யூஸ்டிக் என்கிறது, குழியிலோ 40 செ.மீ.யிலேயே சாம்பல் நிறமும் துருப் புள்ளிகளும் இருக்கின்றன என்றால், அங்கே நீர் தேங்குகிறது. பக்கத்து மேட்டிலிருந்து வரும் நீர் நியூஹால் மாதிரியின் கணக்கில் இல்லை. வெடித்த களியிலும் இதே சிக்கல். முதல் மழை மேல்மண்ணை நனைக்காமல் வெடிப்பு வழியே நேராக அடியில் இறங்கும், மாதிரியோ மேலிருந்து கீழாகத்தான் நனைக்கும். சரிவில் பாதி மழை ஓடிப்போய்விடும் இடத்தில் கணக்கு உண்மையைவிட ஈரமாகக் காட்டும்.

எதிர்ப்பக்க எச்சரிக்கையும் உண்டு. துருப் புள்ளிகள் பழைய காலத்தின் எச்சமாகவும் இருக்கலாம். வாய்க்கால் வெட்டி வடிகால் செய்த நிலத்திலும் அவை அப்படியே நிற்கும். வேர்த் துளையைச் சுற்றித் துரு புதிதாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு முறை வந்து நீர்மட்டத்தை அளந்துவிடுங்கள்.

டபிள்யூஆர்பியில் இதே மண்ணுக்கு என்ன பெயர்?

அங்கேயும் வெர்ட்டிசால்தான். 2022-இல் வந்த நான்காம் பதிப்பில் 32 முதன்மை மண் குழுக்கள் இருக்கின்றன. மேல் 30 செ.மீ. ஈரத்தில் வெளிர்வு 3-க்குள், செறிவு 2-க்குள் இருப்பதால் பெல்லிக் என்ற அடைமொழி சேரும். பெரிய வேறுபாடு, அந்த முறை காலநிலை அளவுகளைப் பெயருக்குள் விடுவதில்லை. யூஸ்டிக், ஹைப்பர்தெர்மிக் எதுவும் வராது. மண்ணில் தெரிவதை மட்டும் வைத்துப் பெயர். நல்ல வானிலைத் தரவு இல்லாத பகுதியில் வேலை செய்பவருக்கு இது நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றும். விளைச்சல் திட்டமிடுபவருக்கோ ஈர நாள் கணக்கு வேண்டும், அவருக்கு மற்ற முறைதான் உதவும்.

வரைபடத்தில் ஒரு பெயர் இருந்தால் அந்த இடம் முழுக்க அந்த மண்தானா?

இல்லை. 1:50,000 வரைபடத்தில் ஒரு சதுர செ.மீ. 25 ஹெக்டேர். படிக்கக்கூடிய மிகச் சிறிய கட்டமே 0.4 சதுர செ.மீ. என்று எடுத்தாலும் 10 ஹெக்டேர் ஆகிறது. அதற்குள் இரண்டு மூன்று மண் இருக்கத்தான் செய்யும். வரைபட அலகின் விளக்கத்தில் எது எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும், அதைப் படிக்காமல் பெயரை மட்டும் எடுக்காதீர்கள். ஒரு வயலுக்கு முடிவெடுக்க 1:10,000 அளவாவது வேண்டும்.

சாயில்கிரிட்ஸ் போன்ற உலக வரைபடங்கள் இருக்கும்போது குழி எதற்கு?

அது 250 மீட்டர் கட்டங்களில், 200 செ.மீ. ஆழம் வரை ஆறு அடுக்குகளுக்குக் களி, மணல், கார்பன் என்று கணித்துத் தருகிறது. எங்கே குழி வெட்டலாம் என்று திட்டமிட நல்ல துணை. ஆனால் அந்த எண்கள் வேறு எங்கோ வெட்டிய குழிகளிலிருந்து கற்ற கணிப்பு. ஸ்லிக்கன்சைட் 45 செ.மீ.யில் தொடங்குகிறதா, வெடிப்பு எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. வெடிப்பு நாள்களுக்கு அந்த நிலத்தை உழுகிறவரைக் கேளுங்கள், எந்த மாதம் வெடிப்பு விடும், எந்த மழைக்கு மூடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அப்புறம் இரண்டு பருவத்திலும் அதே இடத்துக்குப் போய் அளவுகோலை வெடிப்பில் இறக்கிச் சரிபாருங்கள்.